வேலியும் வெள்ளாடும்: யாழ்ப்பாணத்து வளவு வாழ்வு பற்றிய வரலாற்றுக் குறிப்பு

யாழ்ப்பாணத்தின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் அரசரையும் கோயில்களையும் கோட்டைகளையுமே பொருளாகக் கொண்டனர். ஒல்லாந்தர் காலத்தில் மயில்வாகனப் புலவர் இயற்றிய யாழ்ப்பாண வைபவமாலை ஆட்சி மாற்றங்களின் கதையைக் கூறும். பிரித்தானியர் காலத்துக் கச்சேரிப் பதிவுகள் புகையிலை, நெல், பனை, வரி ஆகியவற்றின் கணக்கைக் கூறும். பிற்காலத்திற் பொருளாதார வரலாறு எழுதியோரும் வயலையும் தோட்டத்தையும் கடலையும் கூர்ந்து நோக்கிய அளவுக்கு வீட்டு வளவினுள் நோக்கினர் எனக் கூறுதல் அரிது. ஆயினும், பல தலைமுறைகளாகக் குடாநாட்டுக் குடும்பங்களுக்குப் பாலும் எருவும் அவசரத்துக்குக் காசும் தந்தது அந்த வளவின் ஒரு மூலையிற் கட்டப்பட்டிருந்த வெள்ளாடேயாகும்.

வெள்ளாட்டின் வரலாற்றை அதனைச் சூழ்ந்து நின்ற வேலியின் வரலாற்றோடு சேர்த்தே விளங்கிக்கொள்ள முடியும் என்பதே இக்கட்டுரையின் கருத்தாகும். வேலி தழைத்தவரை ஆடு வாழ்ந்தது. வேலி மதிலாக மாறியபோது ஆடும், அதனைப் பேணிய பெண்களின் அறிவும் வளவை விட்டு மெல்ல மெல்ல அகன்றன.

சொற்களில் வாழும் வரலாறு

மனிதன் முதன்முதலில் வீட்டுக்குப் பழக்கிய விலங்குகளுள் வெள்ளாடும் ஒன்று. இற்றைக்கு ஏறத்தாழ 10,000 ஆண்டுகளுக்கு முன்னர், இன்றைய ஈரானிலுள்ள சாகுரோசு மலைப்பகுதியில் வாழ்ந்த மக்கள் அதனை மந்தையாகப் பேணியமைக்குத் தொல்லியற் சான்றுகள் கிடைத்துள்ளன. தமிழ்மொழியில் ஆட்டுக்குள்ள பழமையைத் தொல்காப்பிய மரபியலிற் காணலாம். மோத்தை, தகர், உதள், அப்பர் என ஆட்டின் ஆண்பாலுக்கு நான்கு பெயர்களையும், மூடு, கடமை எனப் பெண்பாலுக்கு இரு பெயர்களையும் அது வகுத்துரைக்கின்றது. வேறுபடுத்திக் காண வேண்டிய தேவை இருந்தாலன்றி ஒரு சமுதாயம் ஒரு விலங்குக்கு இத்துணைப் பெயர்களை இட்டிராது.

அதே மரபியலில் ஆட்டின் இளமைப் பெயராக வருவது மறி என்னும் சொல். யாழ்ப்பாணத்து வழக்கில் இச்சொல் இன்றும் உயிருடன் இருக்கின்றது. ஆனாற் பொருள் சற்றே திரிந்துள்ளது. இங்கு மறி என்றாற் பெண்ணாடு. அதன் ஆண் கிடாய். ஆடு ஈன்ற செய்தி கேட்டவுடன் அயலவர் கேட்கும் முதற் கேள்வி குட்டி மறியா, கிடாயா என்பதே. மறிக்குட்டி எனின் அது வளவிலேயே நிற்கும். நாளைய கறவை அதுவே. கிடாய்க்குட்டி எனின் அது விற்பனைக்கோ வேள்விக்கோ உரியது. ஒரு சொல்லின் பொருள் மாற்றத்தினூடே ஒரு வீட்டுப் பொருளாதாரத்தின் கணக்கை நாம் காண்கின்றோம்.

கலித்தொகையின் முல்லைப் பாடல்கள் ஆயருள் ஆடு மேய்ப்போரைப் புல்லினத்தாயர் எனப் பிரித்துக் கூறும். சோழர் காலக் கல்வெட்டுகள் இன்னுந் தெளிவான சான்றைத் தருகின்றன. கோயில் விளக்குகளுக்கு நெய் வழங்குவதற்காக ஆடுகள் தானமாக விடப்பட்டன. முதலாம் இராசராசன் 1010 ஆம் ஆண்டளவில் நிறைவு செய்த தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகளின்படி, ஒரு விளக்குக்கு நாள்தோறும் உழக்கு நெய் அளிப்பதற்கு 96 ஆடுகளோ 48 பசுக்களோ 16 எருமைகளோ ஈடாகக் கொள்ளப்பட்டன. இரண்டு ஆடு ஒரு பசுவுக்குச் சமம் என்னும் இக்கணக்கு ஆட்டின் பால் எவ்வளவு மதிப்புடன் நோக்கப்பட்டது என்பதைக் காட்டும். கல்வெட்டிலுள்ள ஆடு என்னும் பொதுச்சொல் வெள்ளாட்டையும் செம்மறியையும் ஒருங்கே குறிக்கக்கூடியது என்பதும் ஈண்டு நினைவிற் கொள்ளத்தக்கது. இவ்வாடுகளைச் சாவா மூவாப் பேராடு எனக் கல்வெட்டுகள் வழங்கும். செத்தவற்றின் இடத்தையும் முதிர்ந்தவற்றின் இடத்தையும் குட்டிகள் நிரப்ப, தொகை என்றும் குறையாது நிற்க வேண்டும் என்பது அதன் கருத்து.

மண்ணும் வேலியும்

முல்லை நிலத்து இடையனின் மந்தை வேறு. யாழ்ப்பாணத்து வளவில் நின்ற இரண்டு மூன்று ஆடுகள் வேறு. குடாநாட்டில் வற்றாத ஆறில்லை. சுண்ணக்கல்லின் மேற் படிந்த மெல்லிய மண். கிணற்று நீரே உயிர்நாடி. மழையின் பெரும்பகுதி ஐப்பசி தொடங்கி மார்கழி வரை பெய்து முடிந்துவிடும். பங்குனி, சித்திரை மாதங்களிற் புற்றரைகள் கருகிவிடும். பயிர் செய்யத்தக்க நிலம் யாவும் தோட்டமாகவும் வயலாகவும் மாறிய செறிவான ஊர்களில் மேய்ச்சல் நிலம் என்று சொல்லத்தக்கது மிகக் குறைவு. இத்தகைய நிலத்திற் கறவையாட்டை எவ்வாறு வளர்ப்பது?

இதற்கு விடையாக அமைந்தது வேலி. யாழ்ப்பாணத்து வேலி வெறும் எல்லைக்கோடன்று. அது நெடுக்காக வளர்க்கப்பட்ட ஒரு தோப்பு. பூவரசு, கிளுவை, முள்முருக்கு முதலியவற்றின் தடிகளை வெட்டிக் கதியாலாக நட்டு, இடையிற் பனையோலையோ மட்டையோ வைத்து வரிந்து கட்டுவர். நட்ட கதியால் வேர்விட்டு மரமாகும். புல்லின் வேர் எட்டாத ஆழத்து ஈரத்தை இம்மரங்களின் வேர்கள் எட்டுவதனாற் கோடையிலும் வேலி பச்சையாக நிற்கும். முள்முருக்கு அவரைக் குடும்பத்தைச் சார்ந்தது. காற்றிலுள்ள நைதரசனை வேர்முடிச்சுகளின் துணையால் நிலைப்படுத்த வல்லது. ஆகவே அதன் இலையிற் புரதம் மிகுதி. மத்திய அமெரிக்காவிலிருந்து பெருந்தோட்டங்களுக்கு நிழல்மரமாக வந்து பின்னர் வடபகுதி வேலிகளிலும் குடிபுகுந்த சீமைக்கிளுவையும் அவ்வினத்ததே.

மேலும், வெள்ளாடு இயல்பிலேயே புல்லைவிடக் குழையை விரும்பும் விலங்கு. மாடு நாவாற் புல்லைச் சுற்றி இழுக்கும். ஆடோ அசையும் மேலுதட்டினால் இலையை ஒவ்வொன்றாகத் தெரிந்து கொய்யும். பின்னங்கால்களில் எழுந்து நின்று கொப்பை வளைக்கும். ஆகவே மாட்டுக்கு வைக்கோலும் புல்லும் தேடி அலைந்த குடும்பம் ஆட்டுக்குத் தன் வேலியையே நாடியது. கொக்கத்தடியால் இரண்டு கொப்பை வளைத்து முறித்தால் ஒருவேளைத் தீன் ஆயிற்று.

தீனும் அது பற்றிய அறிவும்

ஆட்டுக்குத் தீன் வைப்பதிற் பெரிய வித்தை இல்லை எனக் கருதுவோர் உளர். உண்மையில் அது நுட்பமான அவதானத்தின் விளைவு. குழையை நிலத்திற் போடாமற் கட்டாகக் கட்டிக் கொட்டிலின் வளையிலிருந்து தொங்கவிடுவர். காலால் மிதிபட்டதையும் சிறுநீர் பட்டதையும் ஆடு முகர்ந்துவிட்டு விலகிவிடும் என்பது ஒரு காரணம். நிலத்திலிருந்து புழுத்தொற்று வாய்வழியே செல்லாமை மற்றொரு பயன். அதிகாலையிற் பனியோடு கூடிய புல்லில் ஆட்டை விடாது வெயில் ஏறிய பின்னரே அவிழ்ப்பதும் இவ்வகையைச் சார்ந்ததே. ஈரப் புல்லின் நுனியில் ஒட்டுண்ணிப் புழுக்களின் குடம்பிகள் ஏறிநிற்கும் என்று கால்நடை மருத்துவம் கூறுவதற்கு நெடுங்காலம் முன்னரே இவ்வழக்கம் இருந்தது.

எந்தக் குழை எவ்வளவு என்பதிலும் அறிவு தேவை. சீமைக்கிளுவையின் மணத்தை ஆடு முதலில் வெறுக்கும். சற்று வாடவிட்டு வைத்தால் உண்ணப் பழகும். மரவள்ளி இலையில் நஞ்சு உண்டு. பச்சையாக மிகுதியாகத் தின்ற ஆடு மடிவதுண்டு. இப்பிலிப்பில் இலை சத்து மிக்கதாயினும் அதனையே நாள்தோறும் ஊட்டினால் மயிர் உதிரும். ஆகவே பல குழைகளைக் கலந்து கொடுப்பதே வழக்கு. ஆடு எதனைத் தொடாது என்பதையும் எம் மொழி பதிந்து வைத்திருக்கின்றது. ஆடாதோடை என்னும் செடி ஆடு தொடாதது என்பதனால் அப்பெயர் பெற்றது எனப் பொதுவாகக் கூறுவர். அதன் கைப்பினால் ஆடு அதனை அண்டுவதில்லை. ஆடுதின்னாப்பாளை என்னும் மூலிகையின் பெயருக்கு விளக்கமே வேண்டியதில்லை. தெருவோரத்து வேலியில் ஆடாதோடையை நெருக்கமாக நடுவது அயலார் ஆட்டிலிருந்து வேலியைக் காக்கும் உபாயமாகவும் அமைந்தது.

குழைக்கு மேலதிகமாக அடுக்களையின் எச்சங்கள் ஆட்டுக்கு உரியனவாயின. அரிசி கழுவிய கழுநீரில் ஒரு பிடி தவிடும் சிறிது உப்பும், கறவையாடாயின் ஊறவைத்த எள்ளுப் புண்ணாக்கோ தேங்காய்ப் புண்ணாக்கோ கலந்து வைப்பர். உழுந்துக் கோது, பயற்றங்கோது, வாழைத்தோல், பூசணித்தோல் யாவும் வீணாவதில்லை. ஆனால் தானியத்தை அள்ளி வைக்கமாட்டார்கள். அசைபோடும் விலங்கின் இரைப்பையில் தானியம் மிகுந்தாற் புளிப்பேறி ஆடு வயிறூதி விழும். தைப்பொங்கலன்று எஞ்சிய சோற்றை இரக்கத்தால் அள்ளிவைத்து மறுநாள் ஆட்டை இழந்த வீடுகளும் உண்டு.

கறவை

சினைப்பட்ட ஆடு ஏறக்குறைய 150 நாளில் ஈனும், பெரும்பாலும் இரட்டை. ஈன்றவுடன் சுரக்கும் கடும்புப் பாலைக் குட்டி வயிறாரக் குடிக்கவேண்டும். நோயை எதிர்க்கும் ஆற்றல் அதன்வழியே குட்டிக்குச் செல்கின்றது. சில கிழமைகளின் பின்னர் குட்டிகளை இரவிற் கரப்பின் கீழோ தனிக் கொட்டிலிலோ பிரித்து அடைத்து, விடியலிற் கறந்து, பின் பகல் முழுவதும் தாயோடு விடுவர். மடியில் எவ்வளவை வீட்டுக்கு எடுப்பது, எவ்வளவைக் குட்டிக்கு விடுவது என்பதே இதில் தீர்மானிக்க வேண்டிய விடயம். குட்டியை வஞ்சித்துக் கறந்தாற் குட்டி நோஞ்சானாகும். விற்கும்போது நட்டம் வரும். எனவே பாலும் குட்டியும் ஒரே கணக்கின் இரு பக்கங்களாயின.

கறப்பவர் முதலில் மடியைக் கழுவித் துடைத்து, முதற் பீச்சலை நிலத்தில் விடுவர். காம்பின் மேற்பகுதியைப் பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் அடைத்து, மற்ற விரல்களை ஒன்றன்பின் ஒன்றாக மடக்கி அழுத்த வேண்டும்; இழுத்தல் ஆகாது. இழுத்தாற் காம்பு புண்படும், ஆடு உதைக்கும், மடிநோய்க்கும் அது வழி. கிடாயை கறவையாட்டின் அருகே கட்டுவதில்லை. அதன் வாடை பாலிலும் ஏறிவிடும். ஆட்டுப்பால் நாறும் என்று முகஞ்சுளிப்போர் பெரும்பாலும் கிடாயின் வாடையையோ அழுக்குக் கொட்டிலின் வாடையையோதான் அறிந்திருக்கின்றனர்.

நாட்டாடு ஒரு வேளைக்குத் தருவது அரைப் போத்தலளவே. இச்சிறிய அளவே அதன் வரலாற்றையும் தீர்மானித்தது. ஆட்டுப்பாலின் கொழுப்புத் துளிகள் மிகச் சிறியவை. ஆடை எளிதில் மேலெழாது. எனவே பெரிய மந்தை இல்லாதவிடத்து நெய்யும் வெண்ணெயும் அதிலிருந்து பெறுதல் அரிது. வளவின் ஆட்டுப்பால் சந்தைக்குச் செல்லவில்லை. பிள்ளைக்கும் நோயாளிக்கும் முதியோரின் காலைத் தேநீருக்குமே அது பயன்பட்டது. சந்தைக்குச் செல்லாத பொருள் கணக்கேட்டில் ஏறாது. கணக்கேட்டில் ஏறாத பொருள் வரலாற்றாசிரியரின் கண்ணிற் படாது. ஆட்டுப்பாலைக் காய்ச்சியே அருந்த வேண்டும் என்பதையும், அதில் போலிக் அமிலம் குறைவாதலால் ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தாய்ப்பாலுக்குப் பதிலாக அதனை மட்டும் ஊட்டலாகாது என்பதையும் இன்றைய மருத்துவம் வலியுறுத்துகின்றது. பழமையைப் போற்றுவோர் இதனை மறத்தல் கூடாது.

பாலருந்துவதில்லை என விரதம் பூண்டிருந்த காந்தியடிகள், 1919 ஆம் ஆண்டில் நோயால் நலிவுற்றிருந்தபோது கஸ்தூரிபாயின் சொற்கேட்டு ஆட்டுப்பால் அருந்தத் தொடங்கினார். விரதத்தின் சொல்லைக் காத்தும் அதன் உட்பொருளைக் காக்கவில்லை என்று தமது சுயசரிதையில் அவர் வருந்தியமை பலரும் அறிந்ததே. 1927 ஆம் ஆண்டு நவம்பர் மாத இறுதியில் அவர் யாழ்ப்பாணம் வந்தார். அக்காலத்து ஆட்டுப்பால் மகாத்துமாவின் உணவாகப் பாரெங்கும் பேசப்பட்டது. ஆயினும் அந்தப் பாலைத் தத்தம் வளவுகளில் நாள்தோறும் கறந்த எம் பெண்களைப் பற்றி எவரும் பேசினாரல்லர்.

எருவும் எல்லையும்

ஆடு தந்த மற்றொரு செல்வம் எரு. ஒல்லாந்தர் காலத்திலும் பின்னரும் யாழ்ப்பாணப் புகையிலை திருவிதாங்கூர்ச் சந்தையிற் பெருமதிப்புப் பெற்றது. மெல்லிய மண்ணில் ஆண்டுதோறும் புகையிலை விளைவித்தற்கு எரு இன்றியமையாதது. பூவரசங் குழையை மண்ணிற் தாழ்ப்பதும், ஆட்டு மந்தைகளையும் மாடுகளையும் இரவில் தோட்டத்திற் பட்டியடைப்பதும் இத்தேவையினால் விளைந்தன. இங்கு ஒரு போட்டி இருந்தமையைக் கவனிக்கவேண்டும். ஒரே குழையைத் தோட்டத்து மண்ணும் வேண்டிற்று. வளவின் ஆடும் வேண்டிற்று. குழையை நேரே மண்ணில் தாழ்த்தால் எரு மட்டும் கிடைக்கும். ஆட்டின் வயிற்றினூடே செலுத்தினாற் பாலும் குட்டியும் பெற்றபின் புழுக்கையாக எருவும் கிடைக்கும். இதனை உணர்ந்தவள் வீட்டுத் தலைவி. தோட்டத்துக்குக் குழை வெட்ட வந்தவர்களிடம் அடிவளவு வேலியை விட்டுவிடுமாறு அவள் வாதாடியதன் காரணமும் இதுவே.

ஆயினும் வேலியின் பெருமையை மட்டும் கூறி அமைதல் நேர்மையாகாது. வேலி உள்ளோரைக் காத்தது போலவே இல்லோரை வெளியே நிறுத்தியது. நிலமற்ற, சாதியின் பெயரால் ஒடுக்கப்பட்ட குடும்பங்களுக்குத் தமக்கென வேலி இல்லை. அவர்கள் தெருவோரக் குழைக்கும் பிறர் வேலிக்கும் கையேந்த வேண்டியிருந்தது. வசதியுள்ளோரின் மறியாட்டைப் பங்குக்கு வளர்த்து, ஈனும் குட்டிகளிற் பாதியைத் தமக்குப் பெறுவதே அவர்கள் ஆடு உடையோராகும் வழி. அவர்தம் ஆடு கயிறறுத்துத் தோட்டத்துட் புகுந்துவிட்டால் ஏச்சும் தண்டமும் உறுதி. 1876 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கக் கால்நடை அத்துமீறற் கட்டளைச் சட்டம் பயிருடையோனுக்குத் துணைநின்றது. பயிர் காக்கப்பட வேண்டியதே. ஆயினும் மேய்ச்சல் நிலத்தை முன்னரே இழந்தவனுக்கு அச்சட்டம் எந்தப் புல்லையும் தரவில்லை. இவ்வாறாக, ஒரு வேலிக் கொப்பைச் சுற்றியும் உடைமை உறவுகள் படர்ந்து நின்றமையை நாம் காண்கின்றோம்.

மதில் வந்த காலம்

1950 ஆம் ஆண்டிற் காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கியது. எந்தச் சுண்ணக்கல்லின் மேற் கதியால் வேர்விட்டதோ அதே கல் சீமெந்தாயிற்று. அரச உத்தியோகமும், பின்னர் மத்திய கிழக்கிலிருந்தும் புலம்பெயர்ந்தோரிடமிருந்தும் வந்த பணமும் கல்மதில்களை எழுப்பின. மதில் ஆண்டுதோறும் அடைக்க வேண்டியதில்லை, எல்லைச் சண்டைக்கும் இடமில்லை, மதிப்பும் தந்தது. ஆனால் மதிலுக்குக் குழையில்லை. அதே காலத்திற் பேணியிலும் பெட்டியிலும் அடைத்த பால்மா கடைதோறும் வந்து சேர்ந்தது. ஆடு கட்டுவது வறுமையின் அடையாளமாகக் கருதப்படலாயிற்று.

போர் அம்மாற்றத்தைக் கொடூரமான வகையில் விரைவுபடுத்தியது. 1990 இல் வலிகாமம் வடக்கின் மக்கள் இடம்பெயர்ந்தனர். 1995 ஒக்டோபர் 30 ஆந் திகதி வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் ஓரிரவிற் புறப்பட்டபோது ஆடுமாடுகளின் கயிற்றை அவிழ்த்துவிட்டுச் சென்றோர் பலர். எடுத்துச் செல்ல முடியாததை உயிரோடு விட்டுச் செல்லுதலே அவர்களாற் செய்ய முடிந்தது. ஆயினும் அதே போர்க்காலம் மற்றொரு உண்மையையும் உணர்த்தியது. பொருளாதாரத் தடையால் உரம் வராத அவ்வாண்டுகளில் ஆட்டெருவும் வேலிக் குழையுமே தோட்டங்களுக்குக் கைகொடுத்தன.

2009 இன் பின்னர் பெண்கள் தலைமை தாங்கும் குடும்பங்களுக்கு வாழ்வாதார உதவியாக ஆடுகள் வழங்கப்பட்டன. நற்செயலே. எனினும் வட இந்தியாவின் எட்டாவாப் பகுதியைப் பூர்விகமாகக் கொண்ட ஜமுனாபாரி போன்ற பேரினங்களும் அவற்றின் கலப்புகளும் பால் மிகுதியாகத் தருவதற்கேற்பத் தீனும் மிகுதியாக வேண்டும். வேலியை இழந்த வளவில் ஆட்டை மட்டும் கொணர்ந்து கட்டினால் அது விலைக்கு வாங்கும் தீனை நம்பி நிற்கும். முடைப்பட்ட நாளில் விற்கப்பட்டுவிடும். ஆட்டைக் கொடுப்பவர் பத்துக் கதியாலையும் கொடுத்திருப்பாராயின் அவ்வுதவி முழுமை பெற்றிருக்கும்.

முடிவுரை

2021 ஆம் ஆண்டில் இரசாயன உர இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டது. 2022 இல் நாட்டின் வெளிநாட்டுச் செலாவணி வற்றியபோது பால்மாவுக்கு மக்கள் வரிசையில் நின்றனர். உரம், பால் என்னும் இரண்டுக்கும் ஒருசேரத் தட்டுப்பாடு ஏற்பட்ட அந்நாட்களில், அவ்விரண்டையும் தம் வளவிலேயே பெற்ற ஒரு தலைமுறை எம்மிடையே இன்னும் வாழ்ந்துகொண்டிருக்கின்றது என்பதை எத்தனைபேர் நினைத்தோம்? இரண்டு ஆடு நாட்டின் பாற்பஞ்சத்தைத் தீர்த்துவிடும் எனக் கூறுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. பழைய வளவு வாழ்வுக்கு அப்படியே திரும்பவும் இயலாது. அவ்வாழ்வின் ஏற்றத்தாழ்வுகளோடு திரும்ப வேண்டும் என எவரும் விரும்பவும் மாட்டார்.

ஆனால் எந்தக் குழையை எப்போது வாடவிடுவது, எத்தனை விரலாற் காம்பை அழுத்துவது, எந்த மறியை வைத்துக்கொண்டு எதனை விற்பது என்னும் அறிவு நூல்களில் இல்லை. எம் ஆச்சிமாரின் நினைவில் இருக்கின்றது. சாவா மூவாப் பேராட்டுக்குக் கல்வெட்டு இருந்தது. எம் வளவின் ஆட்டுக்கோ அதனைக் கறந்தவளுக்கோ ஒரு வரி எழுத்தும் இல்லை. வரலாறு பயிலும் மாணவர் விடுமுறைக்கு வீடு செல்லும்போது ஒரு பேரேட்டை எடுத்துச் சென்று அவர்களருகே அமர்ந்து கேட்டு எழுதுவாராயின், கச்சேரிப் பதிவுகள் தரமுடியாத ஒரு வரலாற்றின் முதற் பக்கம் அதுவாக அமையும். அவர்களும் மறைந்துவிட்ட பின்னர் அதனைக் கேட்பதற்கு எவரும் இரார்.